செம்பருத்தி விதையில் தாயின் நிறம் வருமா?

கேள்வி: மொட்டை மாடியில் கலப்பினச் செம்பருத்திகளை வளர்க்கிறேன். நடுவில் சிவப்புக் கண் கொண்ட மஞ்சள் பூச்செடியில் தானாகவே ஒரு காய் பிடித்திருக்கிறது. அதன் விதையிலிருந்து அதே பூவைப் பெற முடியுமா? வீட்டிலேயே இரண்டு வகைகளைக் கலப்பது எப்படி?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: அதே பூ கிடைக்காது. நாம் நர்சரிகளில் வாங்கும் கலப்பினங்கள், சீனத்து ரோஜா என்னும் பொருளில் 1753-இல் லின்னேயஸ் பெயர் சூட்டிய இனத்தோடு, மொரீசியஸ், கிழக்கு ஆப்பிரிக்கா, ஹவாய், பிஜி ஆகிய இடங்களின் காட்டுச் செம்பருத்திகளும் பல தலைமுறைகளாகக் கலந்து உருவானவை. முன்னோர் பலரின் குணங்கள் வெளியே தெரியாமல் ஒவ்வொரு செடியிலும் தங்கியிருப்பதால், ஒரே காயின் விதைகள்கூட ஒன்றுக்கொன்று வேறான பூக்களைத் தரும். மஞ்சள் செடியே இன்னொன்று வேண்டுமானால், பென்சில் பருமனுள்ள தண்டை வெட்டி நடுங்கள், அல்லது பதியன் போடுங்கள். எளிதில் வேர்விடாத வகையை, நன்கு வேரூன்றும் நாட்டுச் சிவப்பின் மேல் ஒட்டுக் கட்டலாம். ஆனால் கிடைத்த விதைகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றிலிருந்து வரும் பூ உங்கள் மாடியில்தான் முதன்முதலாக மலரும்.

கலப்பதற்கு மார்கழியும் தையும் ஏற்ற மாதங்கள். கடுங்கோடையில் மகரந்தம் விரைவில் வீரியம் இழக்கும், பிடித்த பிஞ்சும் உதிரும். பூவின் நடுவில் நீண்டிருக்கும் தூணில் பொடி படிந்த பைகள் மகரந்தத்தைத் தாங்குபவை. தூணின் நுனியில் ஐந்தாகப் பிரிந்து வெல்வெட்டுப் பொட்டுகள் போல இருப்பவையே மகரந்தத்தை ஏற்கும் சூல்முடிகள். காலையில், மகரந்தம் தரும் தந்தைச் செடியின் பூவைப் பறித்து, தாய்ச் செடியின் பூ தன் சொந்த மகரந்தத்தை உதிர்ப்பதற்கு முன்பாக, ஐந்து பொட்டுகளிலும் மஞ்சள் பொடி ஒட்டும்படி மெல்லத் தடவுங்கள். இரண்டு பெற்றோரின் பெயரையும் நாளையும் சீட்டில் எழுதிக் காம்பில் கட்டுங்கள். இதைச் சோம்பலால் விட்டவர்கள் பின்னால் வருந்தியதைப் பார்த்திருக்கிறேன். பூ வாடி விழுந்த பின்னும் அடிப்பகுதி பச்சையாக நின்று பருத்தால் கலப்பு பிடித்துவிட்டது. சில நாட்களில் காம்போடு உதிர்ந்தால் தளராமல் மறுபடியும் முயலுங்கள்; என் முதல் முயற்சியில் பன்னிரண்டு பூக்களில் இரண்டே காயாயின. தாயாகக் காய் பிடிக்காத செடி தந்தையாக நன்றாகப் பயன்படலாம் என்பதால், பெற்றோரை இடம் மாற்றியும் பாருங்கள்.

காய் முற்ற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். பழுப்பேறித் தானாக வெடித்து விதை சிதறும் என்பதால், முன்கூட்டியே மெல்லிய வலைத்துணியால் பை கட்டிவிட வேண்டும். விதையின் கூர்முனையில்தான் வேர் கிளம்பும். அதைத் தொடாமல், பருத்த பக்கத்தின் தோலை நகவெட்டியால் சிறிதளவு கிள்ளி, ஓர் இரவு ஊறவைத்து, தென்னை நார்க்கழிவில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால், பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் முளைத்துவிடும். முதல் பூவுக்கு ஏறத்தாழ ஓராண்டு, சிலவற்றுக்கு அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். முதல் பூ சிறியதாகவும் நிறம் மங்கியும் வரக்கூடும். ஒரு பருவம் முழுவதும் பார்த்த பிறகே ஒரு நாற்றைக் கழிக்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சிவப்பு அடுக்குச் செவ்வரத்தை (செம்பருத்தி) ஏன் ஒருபோதும் காய்ப்பதில்லை?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழ்களாக மாறிவிடுகின்றன. ஒற்றை இதழ் நாட்டுச் சிவப்பிலும் காய் பிடிப்பது மிக அரிது. வேலியோரங்களில் தலைமுறை தலைமுறையாக அவை தண்டு வெட்டி நட்டே பெருகியவை, அப்படியே தொடருங்கள்.

கேள்வி: மொட்டுகள் மலராமலே உதிர்கின்றன. இளம் இலைகளும் மஞ்சளாகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீர்தான் ஊற்றுகிறேன்.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உதிர்ந்த மொட்டை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே வெண்புழுக்கள் தென்பட்டால், விழுந்த மொட்டுகளைத் தினமும் பொறுக்கி அழித்து, மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளியுங்கள். புழு இல்லையென்றால், தொட்டி ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் நீர் தேங்கியும் இருப்பதே பெரும்பாலும் காரணம். நரம்புகள் பச்சையாக இருக்க இளம் இலை மட்டும் மஞ்சளானால், உப்பு நீரால் மண் காரத்தன்மை அடைந்து இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை என்று பொருள். மழைநீர் சேமித்து ஊற்றுங்கள். செடிகளுக்கென விற்கும் இரும்புச் சத்துக் கலவையும் உதவும். டிஏபி போன்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த உரத்தைச் செம்பருத்திக்கு அள்ளிப் போடாதீர்கள். மண்புழு உரத்தோடு சாம்பல் சத்து (பொட்டாஷ்) கூடுதலாக உள்ள உரமே இச்செடிக்கு ஏற்றது.