கந்தோர் வாசல்: பைல் எந்த மேசையில்?

போன இதழில் காணி உறுதியைப் பற்றி எழுதினேன். பதிலுக்கு வந்த கடிதங்களில் பாதி துவக்கு (துப்பாக்கி) லைசனைப் பற்றி. மரக்கறிக்காரர், கடைக்காரர், அமெரிக்காவில் அண்ணன் மகன் இருக்கிற ஒரு அக்கா என்று ஆளுக்கொரு பக்கமிருந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் அது மட்டும்தான். எனக்குத் துவக்குப் பிடிக்கத் தெரியாது. பைல் பிடிக்கத் தெரியும். 31 வருசம் அரசாங்கக் கந்தோர்களில் இலிகிதராக அதைத்தான் செய்தேன்.

கேள்வி: ஐயா, அப்பாவிடம் 12 போர் துவக்கு ஒன்று இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு எடுத்த லைசன். அவர் தவறிய பிறகு துவக்கைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு, என் பெயருக்கு விண்ணப்பம் போட்டு 14 மாதம் ஆகிறது. பிரதேச செயலகத்தில் கேட்டால் கச்சேரியில் (மாவட்ட செயலகத்தில்) என்கிறார்கள், கச்சேரியில் கேட்டால் கொழும்பில் என்கிறார்கள். போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலை போகிறது. ஒன்றரை ஏக்கரில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறேன். இரவில் பன்றி இறங்கினால் விடியும்போது பாத்தி இருந்த இடமே தெரிவதில்லை. என்ன செய்வது?
– கந்தப்பளை வாசகர்

பதில்: தம்பி, துவக்கைக் கொண்டுபோய் ஒப்படைத்தீர்களே, அது பெரிய காரியம். எத்தனையோ வீடுகளில் ‘அப்பா ஞாபகமா இருக்கட்டும்’ என்று அட்டாலில் ஏற்றி வைத்துவிடுகிறார்கள். லைசன் ஆளுக்குக் கொடுக்கப்படுவது, சாமானுக்கு இல்லை. ஆள் போனால் அதுவும் போச்சு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பொலிசில் தந்த பற்றுச்சீட்டை மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள்.

இனி அந்த 14 மாதத்துக்கு வருவோம். ‘பைல் கொழும்பில் இருக்கிறது’ என்ற பதிலை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் பாதி நேரம் பைல் என் மேசைக்கு அடியில்தான் கிடந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. கொழும்புக்குப் போகவேண்டிய பைல், ஆகவே போயிருக்கும் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். எழுந்துபோய்ப் பார்க்க அலுப்பு. வாசலில் 40 பேர் நிற்பார்கள்.

ஒரு பெரியவர் விசயம் இன்னும் மனசில் கிடக்கிறது. உங்களைப் போல மரக்கறி போடுகிறவர். கிராம உத்தியோகத்தரின் அறிக்கையில் அவருடைய முதலெழுத்து ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று. ‘இ’யில் தொடங்கும் பெயரை ‘ரா’வில் தொடங்கி எழுதினால் மற்ற இரண்டு மொழியிலும் முதலெழுத்தே மாறிவிடும் என்பது நம் மலையகத்துக்குத் தெரியாத கதை இல்லை. ‘பெயர் வேறுபாடு, விளக்கம் கேட்கவும்’ என்று ஒரு துண்டில் எழுதிப் பைலில் குத்தினேன். துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் பதில் தருவார் என்று நான் இருந்தேன். நான் கூப்பிடுவேன் என்று அவர் இருந்தார். ஏழு மாதம். கடைசியில் ஒரு உரப்பை நிறையக் கரட்டைச் சுமந்துகொண்டு வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். லஞ்சத்துக்குத்தான் இழுக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். கரட்டை நான் வாங்கவில்லை. ஆனால் அவர் நினைத்தது பிழை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பைலும் எங்கேயோ ஒரு துண்டுக்காக நிற்கலாம். கிராம உத்தியோகத்தர், பொலிஸ், பிரதேச செயலகம், மாவட்ட செயலகம், பாதுகாப்பு அமைச்சு என்று அது ஏற வேண்டிய படி நிறைய. எந்தப் படியில் நிற்கிறது என்பதை வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். எழுத்தில் கேளுங்கள்.

அதற்குத்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு, தமிழிலேயே, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. கொடுத்ததற்கு அத்தாட்சி தரவேண்டும், அதை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். தருவதாகத் தீர்மானித்தால் அதிலிருந்து 14 நாளுக்குள் கையில் கிடைக்க வேண்டும். உங்களுக்கு 14 மாதம், அவர்களுக்கு 14 நாள். தராவிட்டால், நாள் கடத்தினாலும்தான், 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஒன்று கவனம். ‘ஏன் தாமதம்?’ என்று எழுதாதீர்கள். அது கோபம், தகவல் இல்லை. ‘ஆவன செய்யப்படுகிறது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: ‘இன்ன திகதியில் நான் கையளித்த விண்ணப்பத்தின் பைல் இலக்கம் என்ன? பொலிஸ் அறிக்கை கேட்டு அனுப்பிய கடிதத்தின் திகதி என்ன? அறிக்கை கிடைத்த திகதி என்ன? மாவட்ட செயலகத்துக்கு அனுப்பிய திகதியும் கடித இலக்கமும் என்ன? அந்தக் கடிதங்களின் பிரதிகளைத் தரவும்.’ இதற்குப் பதில் எழுத வேண்டுமானால் யாராவது எழுந்துபோய்ப் பைலைத் திறந்தே ஆகவேண்டும். திறந்தால் துண்டு கண்ணில் படும்.

லைசன் கிடைத்த பிறகு ஒரு விசயத்தை மறக்க வேண்டாம். வருசத்துக்கு வருசம் டிசம்பர் 31ஆம் திகதியோடு அது முடிகிறது. அடுத்த வருசத்துக்கான புதுப்பித்தலை வழக்கமாக ஒக்டோபர் 1ஆம் திகதி தொடங்குவார்கள். கடைசி வாரம் வரைக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கடைக்காசை மாலையில் வங்கிக்கு எடுத்துப்போகப் பயமாக இருக்கிறது. இடுப்பில் வைத்துக்கொள்ளச் சின்னப் பிஸ்டல் ஒன்றுக்கு லைசன் எடுக்கலாமா? எவ்வளவு நாள் ஆகும்?
– ஹட்டன் வாசகர்

பதில்: நாள் கணக்கை விடுங்கள், முதலாளி. சொந்தப் பாதுகாப்புக்கான துவக்கைப் பாதுகாப்பு அமைச்சுதான் தரும், அதுவும் உயிருக்கு ஆபத்து என்று காட்டினால். ஏற்கெனவே அப்படிக் கொடுத்திருந்த துவக்குகளையே 2024 நவம்பர் 7ஆம் திகதிக்குள் வெலிசறையில் கடற்படையின் பொறுப்பிலுள்ள பிரிவிடம் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னார்கள். வங்கிக்கு ஆளும் பேருமாக இருக்கிற காலையில் போங்கள்.

கேள்வி: அண்ணன் மகன் டெக்சாஸில் இருக்கிறான். உடுப்புக்குள்ளே மறைத்து வைத்துக்கொண்டு போக அங்கே கைத்துப்பாக்கிக்கு லைசன் கொடுக்கிறார்களாம். 70 நாளாகியும் வரவில்லை என்று போனில் ஒரே புலம்பல். என் வீட்டுக்காரர் வேலி தாண்டி வரும் பன்றிக்காகத் துவக்கு லைசன் கேட்டு இரண்டு வருசம் அலைந்தவர். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அங்கே மட்டும் எப்படி?
– பண்டாரவளை வாசகி

பதில்: அக்கா, முதலில் சிரியுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் கொஞ்சம் தேடிப் பார்த்தேன்.

டெக்சாஸில் அந்தச் சட்டம் 1995இல் வந்தது. 2016இலிருந்து லைசன்காரர்கள் வெளியே தெரிய இடுப்பிலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனதால் ‘மறைத்து’ என்ற சொல் பெயரிலிருந்து போய்விட்டது. 2021 செப்டம்பர் 1ஆம் திகதிக்குப் பிறகு, 21 வயது தாண்டிய, சட்டத் தடை இல்லாத ஆட்கள் லைசன் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். அப்படியிருந்தும் வேறு மாநிலங்களில் செல்லுபடியாகும் என்பதற்காகப் பலர் லைசன் எடுக்கிறார்கள். ஆக, உங்கள் அண்ணன் மகன் அழுவது கையில் கிடைக்காத துவக்குக்காக இல்லை. ஒரு அட்டைக்காக.

எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று. விண்ணப்பம் முழுமையாகக் கையில் கிடைத்தால் 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும் என்று அங்கே சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆளின் தகுதியில் சந்தேகம் வந்தால் 180 நாள் வரைக்கும் எடுக்கலாம், அதை அவருக்கு அறிவிக்க வேண்டும். இவ்வளவுக்கும் பேசாமல் இருந்தால்? கெடு முடிந்து மேலும் 30 நாளுக்கு மேல் வாயைத் திறக்காவிட்டால், மறுத்ததாகவே கணக்கு! முதலில் படித்தபோது இது என்ன அநியாயம் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. மறுப்பு என்று ஆகிவிட்டால் அவன் உள்ளூர் நீதிமன்றத்தில் விசாரணை கேட்கலாம். பதிலே வராத ஆள் எங்கே போய் முறையிடுவது? நான் வேலை செய்த காலமெல்லாம் எங்கள் மேசையில் இப்படி ஒரு நாள் கணக்கு இருந்ததே இல்லை. டிசம்பர் 31 உங்களுக்கு இருந்தது. எங்களுக்கு ஒன்றும் இல்லை.

2022 ஜூன் 23ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் நியூயோர்க் வழக்கொன்றில் தந்த தீர்ப்பின் அடிக்குறிப்பிலும் இந்த விசயம் வருகிறது. லைசன் முறை இருக்கலாம், ஆனால் நீண்டநாள் காக்கவைத்தாலோ கட்டணத்தை அளவுக்கு மீறி ஏற்றினாலோ அதை எதிர்த்து வழக்குப் போட இடமுண்டு என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே துவக்கு வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை. இங்கே அது அரசாங்கம் தருகிற அனுமதி. அந்த வித்தியாசம் எனக்குச் சம்மதமே, இடுப்பில் துவக்கோடு நாலு பேர் பஸ்ஸில் ஏறும் ஊர் எனக்கு வேண்டாம். அந்த 60 நாளை மட்டும் தபாலில் அனுப்பிவைக்க முடியுமா என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் போஞ்சியும் கோவாவும் போட்டால் குரங்கு விடுவதில்லை, ராத்திரியில் பன்றி. தோட்டத் தலைவர் துவக்கு விண்ணப்பம் வாங்கித் தந்தார். காணி உறுதி இல்லை என்று திருப்பிவிட்டார்கள். பக்கத்து லயத்து அண்ணன் சுருக்குக் கம்பி கட்டித் தருகிறேன் என்கிறார். கட்டலாமா?
– மஸ்கெலியா வாசகி

பதில்: கட்ட வேண்டாம், தங்கச்சி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்துச் சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டியது ஞாபகம் இருக்கும். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது, காலையில் கொழுந்தெடுக்க இறங்குகிற உங்கள் கால் எது என்று தெரியாது. சட்டமும் சும்மா விடாது.

துவக்கு விசயத்தில் உங்களுக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. பயிர்ப் பாதுகாப்பு என்று விண்ணப்பித்தால் எந்தக் காணியின் பயிர் என்று கேட்பார்கள். காணி தோட்டத்தின் பெயரில். 200 வருசமாக வேலை செய்த சனத்துக்கு இருக்கிற வீட்டுக்கே இலக்கம் இல்லை, கடிதமே தோட்டத்து ஆபீசுக்கு வந்து காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்களத்தில் கைமாறித்தான் வருகிறது. நான் போன இதழில் எழுதிய காணி உறுதியும் இந்தத் துவக்கும் ஒரே பைல்தான், நம் ஆட்களுக்கு. திருப்பிவிட்ட காரணத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். உங்கள் துண்டு நிலத்துக்கும் பயிருக்கும் தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் ஒன்றும் எடுத்து வையுங்கள். லைசன் கிடைக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. நஷ்டத்தைப் பற்றிப் பேசும் நாளில் கையில் ஒரு தாள் இருக்கட்டும்.

குரங்குக்கு? 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுவதும் குரங்கையும் மர அணிலையும் மயிலையும் எண்ணச் சொன்னார்களே, அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூரையில் ஒன்றுகூட இல்லை. 8.20க்கு ஒன்பது வந்து பேரிக்காயைப் பிடுங்கிக்கொண்டு போயின. வெடி போட்டால் பக்கத்து டிவிசனுக்குப் போகும், அவர்கள் போட்டால் இங்கே வரும். உங்கள் லயத்தில் நாலைந்து பேர் சேர்ந்து முறை வைத்துக் காவல் இருப்பது ஒன்றுதான் ஓரளவுக்குச் சரிவரும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: துவக்கு விண்ணப்பத்தில் குறைபாடு இருக்கிறது என்று கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். வாசிக்க ஆள் தேடி ஒரு மாதம் போய்விட்டது. இனி என்ன?
– நானுஓயா வாசகர்

பதில்: அந்தக் கடிதத்தைத் தமிழில் தரும்படி எழுதிக் கேளுங்கள். நுவரெலியா, அம்பகமுவ போன்ற பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. அரசியலமைப்பின்படி அது உங்கள் உரிமை, யாரும் செய்கிற தயவு இல்லை. மொழி உரிமை முறைப்பாடு சொல்ல 1956 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. (அந்த இலக்கத்தை எந்தப் புண்ணியவான் தெரிவு செய்தாரோ! 1956இல் வந்த ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தைப் பற்றி உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்.) தமிழ்க் கடிதம் வரும் வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய பிரதியைப் படித்தேன், கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் உள்ள பெயர் ஒருவரையே குறிக்கிறது என்று ஒரு சத்தியக்கடதாசி. சமாதான நீதவான் ஒருவரிடம் இந்த வாரமே முடித்து, பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் போட எனக்கு முத்திரை வைத்து அனுப்பியிருந்தீர்கள். திருப்பி அனுப்புகிறேன், அதையே உறையில் ஒட்டுங்கள்.