கிரேக்கப் புராணங்களைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் படிக்கலாமா?

கேள்வி: பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளி நூலகத்திலிருந்து கிரேக்கப் புராணக் கதைத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்து, இரவு வெகுநேரம் விழித்திருந்து படிக்கிறாள். வீட்டு ஜெபத்துக்கு வந்திருந்த எங்கள் சபை மூப்பர் அதைப் பார்த்துவிட்டு, எபேசு பட்டணத்து விசுவாசிகள் தங்கள் புத்தகங்களைச் சுட்டெரித்ததை நினைவுபடுத்தி, இப்படிப்பட்டவை வீட்டில் இருக்கலாகாது என்றார். கட்டுக்கதைகளுக்கு விலகும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் வாசித்துக் காட்டினார். அன்று முதல் என் மகள் அந்தப் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு, பாடப்புத்தகங்களுக்கு நடுவே ஒளித்து வைத்துப் படிக்கிறாள். நான் என்ன செய்வது?
ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, படிக்கலாம் என்பதே என் பதில். ஆனாலும் உங்கள் மூப்பரின் அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஒரு பிள்ளையின் ஆத்துமாவைக் குறித்த கரிசனையிலிருந்து பிறந்த அச்சம் அது. ஆகவே, அவர் எடுத்துக்காட்டிய இரண்டு வேதபகுதிகளையும் முதலில் பார்த்துவிடுவோம்.

எபேசுவில் எரிக்கப்பட்டவை கதைப்புத்தகங்கள் அல்ல. மாயவித்தைக்காரராயிருந்தவர்கள் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து சுட்டெரித்தார்கள் என்றும், அவற்றின் கிரயம் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்றும் அப்போஸ்தலர் 19:19 தெளிவாகச் சொல்லுகிறது. மந்திரத்தைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்கள், மனந்திரும்பியதன் அடையாளமாகத் தங்கள் சொந்தத் தொழிற்கருவிகளைத் தாங்களே அழித்தார்கள். அதே அதிகாரத்தின் 37ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே பட்டணத்து அதிகாரி, பவுலின் தோழர்களைச் சுட்டிக்காட்டி, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்லர் என்று திரண்டிருந்த கூட்டத்துக்கு முன்பாகச் சாட்சி சொல்லுகிறார். தியானாளின் பேர்போன கோவில் இருந்த ஊரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தும் இப்படி ஒரு நற்சாட்சி கிடைத்தது சிறிய காரியம் அன்று.

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட எச்சரிப்பு வேறு வகையைச் சேர்ந்தது. பவுல் அங்கே கட்டுக்கதைகளை முடிவில்லாத வம்சவரலாறுகளோடு சேர்த்துப் பேசுகிறார். அவற்றைப் பரப்பியவர்கள் நியாயப்பிரமாண போதகராயிருக்க விரும்பியவர்கள் என்கிறார். தீத்துவுக்கு எழுதும்போது “யூதருடைய கட்டுக்கதைகள்” என்றே குறிப்பிடுகிறார். சபைக்குள்ளே உபதேசம் என்ற பெயரில் நுழைந்து, விசுவாசத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட கற்பனைகளையே அவர் கண்டிக்கிறார். அந்தக் கண்டனத்தை ஒரு மாணவியின் நூலகப் புத்தகத்தின் மேல் சுமத்துவது சரியன்று.

இனி, நம் வேதாகமத்திலேயே கிரேக்கப் புராணம் எட்டிப்பார்க்கும் ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துச் செல்லுகிறேன். லீஸ்திரா என்னும் ஊரில் பிறவிச் சப்பாணி ஒருவன் குணமாகி எழுந்து நடந்தவுடனே, தேவர்கள் மனுஷரூபமெடுத்து இறங்கிவந்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் சத்தமிட்டு, பர்னபாவை யூப்பித்தர் (கிரேக்கரின் தலைமைக் கடவுள் சேயுசின் ரோமப் பெயர்) என்றும் பவுலை மெர்க்கூரி (கிரேக்கரின் எர்மெசு) என்றும் சொன்னார்கள். பூசாரி எருதுகளையும் பூமாலைகளையும் கொண்டு வாசலுக்கே வந்துவிட்டான். ஒரு சுகமளித்தலைக் கண்டதும் ஏன் இத்தனை அவசரம், ஏன் அந்த இரண்டு பெயர்கள் என்ற கேள்விக்கு விடை, ரோமக் கவிஞர் ஓவிட் எழுதிவைத்த ஒரு கதையில் இருக்கலாம் என்று வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்தப் பகுதியை அடுத்த பிரிகியா நாட்டில் யூப்பித்தரும் மெர்க்கூரியும் மனித உருவில் வந்து ஆயிரம் வீடுகளில் தங்க இடம் கேட்டார்களாம். ஆயிரம் கதவுகளும் அடைபட்டன. பௌசிஸ், பிலேமோன் என்னும் வயதான ஏழைத் தம்பதியர் மட்டுமே அவர்களை உள்ளே அழைத்தார்கள். மேசையின் ஒரு கால் குட்டையாக இருந்ததால், கிழவி ஓர் ஓட்டுச் சில்லை அதன் கீழே வைத்துச் சமன்படுத்தி, புதினா இலையால் துடைத்து, அதன்மேல் உணவு பரிமாறினாள். பின்பு வந்த வெள்ளத்தில் மற்ற வீடுகள் எல்லாம் மூழ்க, அந்தக் குடிசை மட்டும் கோவிலாக மாறியது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஜனங்கள், முன்னோர் செய்த தவற்றை மறுபடியும் செய்துவிடக்கூடாது என்று பதறி மாலைகளோடு ஓடிவந்திருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள்; அந்த அதிகாரம் முழுவதும் வேறு வெளிச்சத்தில் தெரியும். அப்போஸ்தலர்கள் அந்த வழிபாட்டை ஒரு கணமும் ஏற்கவில்லை. வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள்ளே பாய்ந்தார்கள். ஆனால், அந்த ஜனங்களின் மனத்தை நாம் புரிந்துகொள்ள அந்தக் கதை தேவைப்படுகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இறையியல் கல்லூரியில் கிரேக்கம் பயின்ற நாட்களில், “நாம் அவருடைய சந்ததியார்” என்று அத்தேனே பட்டணத்தில் பவுல் எடுத்துக்காட்டிய அடி (அப்போஸ்தலர் 17:28), கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அராட்டஸ் என்னும் புலவர் சேயுசுக் கடவுளைப் போற்றித் தொடங்கும் பாடலில் உள்ளது என்று ஆசிரியர் விளக்கியபோது, நான் ஒரு வாரம் கலங்கிப்போனேன். அராட்டஸும் பவுலைப் போலவே சிலிசியா நாட்டார். விக்கிரகங்களால் நிறைந்த பட்டணத்தைக் கண்டு ஆவியில் வைராக்கியமடைந்த அதே பவுல், அந்தப் பட்டணத்தாரின் புலவருடைய சொல்லைப் பிடித்துக்கொண்டே அவர்களை மெய்யான தேவனிடத்துக்கு அழைத்தார் என்பது பின்னரே எனக்கு விளங்கியது. அவர் அந்தப் பாடலைப் படித்திராவிட்டால் அது முடிந்திருக்குமா?

நம் மண்ணிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் ஐயர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சேற்றியவர் என்பதை நாம் அறிவோம். தமிழ் மக்கள் வணங்கிய தெய்வங்களைப் பற்றித் தமிழரிடமே கேட்டும், ஏடுகளைப் படித்தும் விரிவான நூலொன்றை 1713இல் எழுதி முடித்தவரும் அவரே. அதை அவர் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பியபோது, அஞ்ஞானத்தை ஒழிக்கவே ஊழியரை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்னும் கருத்தில் அங்கிருந்தோர் அதை வெளியிட மறுத்துவிட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடந்து, 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. ஹாலே பெரியவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் காரியத்தில் அவர்கள் தவறினார்கள், சீகன்பால்க் ஐயரே சரியாகக் கண்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்றை மட்டும் இங்கே பிரித்துச் சொல்லுகிறேன். கிரேக்கக் கதைகள் நமக்கு இலக்கியமாகிவிட்டன. இராமாயணமும் கந்தபுராணமும் நம் பக்கத்து வீட்டாருக்கு இன்றும் பக்தி. அவற்றைப் படிக்கும் கிறிஸ்தவர், படிக்கும்போதும் பேசும்போதும் அந்தப் பக்தியை நினைவில் வைத்து, ஏளனத்துக்கு இடங்கொடாமல் இருக்க வேண்டும்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு. சிறுவனாகப் பள்ளியில் படித்தபோது, காதலுக்காக மாண்ட கார்த்தேஜ் அரசி தீதோவின் கதைக்குக் கண்ணீர் வடித்த தாம், தேவனை விட்டு மரித்துக்கொண்டிருந்த தம்முடைய ஆத்துமாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லையே என்று பிற்காலத்தில் ஆதிச் சபைத் தந்தையாகிய அகுஸ்தீன் வருந்தி எழுதினார். கதை நம் இருதயத்தின் முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடும்; புராணம் மட்டுமல்ல, தொலைக்காட்சித் தொடரும் கிரிக்கெட்டும்கூட அதைச் செய்யும். ஜெபமும் வேதவாசிப்பும் குறைந்துபோனால், அல்லது கதை ஆர்வம் சோதிடம், மந்திரம், ஆவிகளைக் கலந்தாலோசித்தல் என்று திரும்பினால், அப்பொழுது தடுத்து நிறுத்துங்கள். பாபிலோனில் தானியேல் கல்தேயரின் எழுத்தைக் கற்றுக்கொண்டார். ராஜாவின் போஜனத்தை மறுத்தார். அந்த எல்லைக்கோடு உங்கள் மகளுக்கும் போதும்.

எனக்கு அந்தப் புத்தகத்தைவிட அதன்மேல் ஏறியிருக்கும் பழுப்பு அட்டையே அதிகக் கவலை தருகிறது. அவள் படிப்பதை உங்களிடம் மறைக்கப் பழகிவிட்டால், நாளை வரும் சந்தேகங்களையும் மறைப்பாள். இன்றிரவு அந்த அட்டையை நீங்களே கழற்றி, புத்தகத்தை மேசைமேல் வைத்து, பௌசிஸ், பிலேமோன் கதை அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவள் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். பிறகு இருவரும் அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். மூப்பர் அடுத்த முறை வீட்டு ஜெபத்துக்கு வரும்போது, ஓட்டுச் சில்லு வைத்த அந்த மேசையைப் பற்றி அவருக்கும் அவளே சொல்லட்டும்.