பங்குனி வரை நின்ற பனி

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் டார்பிஷயர் பக்கம் ஒரு சிற்றூரில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். மார்ச் பிறந்து பத்து நாளாகியும் பனி விட்டபாடில்லை. தோட்டத்தில் டாஃபடில் மொட்டு கட்டியிருந்தது. மறுநாள் காலை பார்த்தால் அதன்மேல் அரை அடிப் பனி. நான் புலம்புவதைக் கேட்டு அடுத்த வீட்டு மூதாட்டி சிரித்தார். "இதெல்லாம் ஒரு பனியா? நாற்பத்தேழில் பார்த்திருக்க வேண்டும்" என்றார். அப்போது அவருக்கு ஆறு வயதாம். தம்பியின் தள்ளுவண்டியில் சாக்கை வைத்து உருட்டிக்கொண்டு, கேஸ் ஆலை வாசலில் கோக் கரிக்காக அம்மாவோடு மணிக்கணக்கில் வரிசையில் நின்றதைச் சொன்னார்.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். உடனே என் மாமா ஒரு செய்தியைப் போட்டார்: "இந்தியாவுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தது காந்தியும் இல்லை, நேதாஜியும் இல்லை, 1947-இன் பனிதான். நிலக்கரி இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் பிரதமர் அட்லி, இந்தியா போதும் என்று பிப்ரவரி 20 அன்று அறிவித்துவிட்டார்." தேதிகள் பொருந்துவதுபோலத்தான் எனக்கும் தோன்றியது. இது உண்மையா?

எஸ்., டார்பிஷயர்

அன்புள்ள எஸ்.,

உண்மையில்லை. ஆனால் அந்தச் செய்தி தொட்டுச் செல்லும் குளிர்காலம் அசாதாரணமானது. நம்மவர்கள் அதைச் சரியாக அறிந்ததில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தேதிகள். அந்த ஆண்டு ஜனவரி நடுவில் இங்கிலாந்தின் சில இடங்களில் வெப்பம் 14 டிகிரி வரை ஏறியது. இந்தக் குளிர்காலம் லேசாகப் போய்விடும் என்று மக்கள் நம்பினார்கள். பனி தொடங்கியது ஜனவரி 22-ஐ ஒட்டி. அட்லி மவுண்ட்பேட்டனை அழைத்து வைஸ்ராய் பதவியை ஏற்கிறீர்களா என்று கேட்டதோ 1946 டிசம்பர் 18. அதாவது அந்தப் பனி தொடங்குவதற்கு ஒரு மாதத்துக்கும் முன்பு. டெல்லியில் அப்போதைய வைஸ்ராய் வேவல், படிப்படியாக வெளியேறும் திட்டம் ஒன்றை அதற்கும் முன்பே எழுதி வைத்திருந்தார். பிப்ரவரி 1946-இல் பம்பாயில் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தார்கள். ஆகஸ்டில் மதக் கலவரத்தில் கல்கத்தா எரிந்தது. போர் முடிந்த கணக்கில் பிரிட்டன் இந்தியாவுக்கே 100 கோடி பவுனுக்கு மேல் கடன்பட்டிருந்தது. இவ்வளவையும் ஒரு பனிக்காலத்தின் கணக்கில் எழுதினால், சிறைக்குப் போனவர்களையும் செத்தவர்களையும் நாமே அழித்ததாகும். அதை என்னால் ஏற்க முடியாது.

அந்த ஜனவரியில் லண்டனுக்கு வந்தவர் ஒருவரை உங்கள் மாமாவுக்கு நினைவுபடுத்துங்கள். பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சான். வழியில் டெல்லியில் தங்கியபோது, லண்டன் குளிருக்கு அவரிடம் சரியான உடை இல்லை என்று கண்ட நேரு ஒரு கம்பளி மேல்கோட்டு கொடுத்தார். அந்தப் பெரிய கோட்டோடு அவர் நிற்கும் படம்தான் இன்றுவரை பர்மிய வீடுகளில் தொங்குகிறது. ஜனவரி 27 அன்று அட்லியோடு பர்மாவின் விடுதலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்போது பனி தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது வயது 32. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இனி பனிக்கு வருகிறேன். பிரிட்டனுக்கு வழக்கமாகக் காற்று மேற்கிலிருந்து, அட்லாண்டிக் கடலின் மிதமான வெப்பத்தைச் சுமந்து வரும். அதே அட்சரேகையில் உள்ள ஊர்களெல்லாம் உறைந்து கிடக்க, லண்டன் மழையோடு தப்பிப்பது இதனால்தான். அந்த ஆண்டு ஸ்காண்டிநேவியா பக்கம் உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்தது. நமக்குத் தாழ்வுநிலை பழக்கம். வரும், கொட்டும், கரையைக் கடக்கும். உயர் அழுத்தம் அப்படிப் போவதில்லை. வந்த இடத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். மேற்குக் காற்றின் வழி அடைபட்டதும் கிழக்கே ஐரோப்பாவின் உறைந்த நிலத்திலிருந்து காற்று வீசியது. ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை பிரிட்டனில் எங்காவது ஓரிடத்தில் பனி பெய்யாத நாளே இல்லை. லண்டன் கியூ வானிலை நிலையத்தில் பிப்ரவரி 2 முதல் 22 வரை சூரியன் ஒரு நிமிடம்கூடத் தெரியவில்லை. மத்திய இங்கிலாந்தின் வெப்பப் பதிவு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அதில் மிகக் குளிர்ந்த பிப்ரவரி அதுதான். மாதச் சராசரியே மைனஸ் 1.9. வோபர்ன் என்ற ஊரில் 25-ஆம் தேதி மைனஸ் 21.

1962–63 குளிர்காலம் மொத்தக் கணக்கில் இதைவிடக் கடுமையாக உறைந்தது. ஆனால் 1947-இல் பனியின் அளவு அதிகம், வந்த நேரமும் மோசம். போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. போர்க்காலத்திலேயே இல்லாத ரொட்டி ரேஷன் 1946 ஜூலையில் வந்திருந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையானது 1947 ஜனவரி முதல் தேதி. இந்தச் சுரங்கம் இனி மக்களின் சார்பில் நடத்தப்படுகிறது என்று ஒவ்வொரு சுரங்க வாசலிலும் பலகை வைத்தார்கள். அப்பாவும் தாத்தாவும் தனியார் முதலாளிகளிடம் நுரையீரலைக் கொடுத்த குடும்பங்கள் அந்தப் பலகை முன் அழுதிருக்கின்றன. மூன்றே வாரத்தில் பனி வந்தது.

வெட்டிய கரி சுரங்க வாசலில் குவிந்து கிடந்தது. அதை ஏற்றிய ரயில் பெட்டிகள் பனியில் புதைந்தன. டைன் ஆற்று முகத்துவாரத்திலிருந்து லண்டனுக்குக் கரி கொண்டுபோகும் கப்பல்கள் கிழக்குக் காற்றால் துறைமுகத்தைவிட்டு நகர முடியவில்லை. மின் நிலையங்கள் ஏறக்குறைய முழுக்கக் கரியை நம்பியவை. எரிபொருள் அமைச்சர் ஷின்வெல் முந்தைய இலையுதிர் காலம் முழுக்கக் கரி போதும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை, நாடாளுமன்றத்தில் எழுந்து திங்கள் முதல் தென்கிழக்கு, மத்திய, வடமேற்கு இங்கிலாந்தின் ஆலைகளுக்கு மின்சாரம் கிடையாது என்றார். வீடுகளுக்குக் காலை 9 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 4 வரை மின்வெட்டு. தொலைக்காட்சி ஒரு மாதம் நின்றது. வார இதழ்கள் இரண்டு வாரம் அச்சேறவில்லை. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்து வீட்டில் இருந்தார்கள். அலுவலகங்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கோட்டு போட்டபடி எழுதினார்கள். உங்கள் பக்கத்து வீட்டு அம்மா வரிசையில் நின்றது இந்த நாட்களில்தான். பிரிட்டிஷ் பாத்தே செய்திப்படங்களில் அந்த வரிசைகளைப் பார்த்திருக்கிறேன். தள்ளுவண்டியில் கரி மூட்டை, பின்னால் தலையில் துணி கட்டிய பெண்கள், ஒருவர் முகத்திலும் ஆத்திரம் இல்லை. ஆறு வருடப் போருக்குப் பிறகு ஆத்திரப்படுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் இருந்திருக்கலாம்.

இந்த இருட்டில்தான் பிப்ரவரி 14 அன்று பாலஸ்தீனத்தை ஐ.நா.விடம் விடுவதென அமைச்சரவை தீர்மானித்தது. 20 அன்று, 1948 ஜூனுக்குள் இந்தியாவில் அதிகாரத்தைக் கைமாற்றுவோம் என்று அட்லி அறிவித்தார். 21 அன்று, கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இனி உதவ முடியாது என்று அமெரிக்காவுக்குக் கடிதம் போயிற்று. எட்டு நாள்தான். உங்கள் மாமாவின் செய்தி இந்த எட்டு நாளைப் பார்த்துத்தான் பிறந்திருக்க வேண்டும். கிரேக்க விஷயத்தில் பனிக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பணமில்லை என்று நிதியமைச்சர் டால்டன் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தார். ஆலைகள் பல மூடிக்கிடந்தபோது அவருக்கு மறுப்புச் சொல்ல ஆளில்லை. இந்தியாவைப் பொறுத்தவரை முடிவு பழையது. அதை நாடாளுமன்றத்தில் எதிர்க்க நினைத்தவர்களுக்குப் பனி ஒரு காட்சியைக் காட்டியது என்று வேண்டுமானால் சொல்லலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இன்னும் படைகளில் இருக்க, இங்கே தண்டவாளத்துப் பனியை வாருவதற்கு ஜெர்மானியப் போர்க் கைதிகளைக் கூட்டி வந்தார்கள்.

உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, ஸ்டாஃபோர்ட்ஷயர் மேட்டு நிலத்தில் கிரிண்டன் என்று ஒரு கிராமம். பனியில் துண்டிக்கப்பட்ட அந்தப் பக்கத்து ஊர்களுக்கு உணவு போட விமானப்படையின் ஹாலிஃபாக்ஸ் விமானம் ஒன்று பிப்ரவரி 13 அன்று சென்றது. பனிப்புயலில் மேட்டில் மோதியது. அதிலிருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். போர் முடிந்தபின், ரொட்டி கொண்டுபோகும் வழியில் இறந்தார்கள். அவர்களுக்கு அங்கே நினைவுச்சின்னம் உண்டு. முடிந்தால் ஒருமுறை போய்வாருங்கள்.

நம் ஆறு பெரும்பொழுதில் மாசியும் பங்குனியும் பின்பனி. பெயரிலேயே ஓர் ஆறுதல் இருக்கிறது, இது முடியப்போகும் பனி என்று. அந்த ஆண்டு இங்கிலாந்தில் பின்பனிதான் முன்பனியைவிடக் கொடியதாயிற்று. மார்ச் 4, 5 தேதிகளில் அந்தக் குளிர்காலத்தின் மிகப் பெரிய பனிப்புயல் அடித்தது. ஸ்காட்லாந்து மலைகளில் 7 மீட்டர் உயரத்துக்குப் பனி குவிந்தது. இதில் எனக்கு மனம் ஆறாத இடம் செம்மறிகள்.

வேல்ஸிலும் வடக்கு இங்கிலாந்திலும் மலை ஆடுகளுக்கு வேலி கிடையாது. ஒவ்வொரு மந்தைக்கும் மலையில் தன் எல்லை தெரியும். தாய் குட்டிக்குக் காட்டிக் கொடுக்கும், குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டும். அதனால் அங்கே மந்தையை நிலத்தோடு சேர்த்தே விற்பார்கள். சந்தையில் வாங்கிய ஆட்டுக்கு அந்த மலை தெரியாது. ஆட்டுக்கிடை போடும் நம் கீதாரிகளிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். மார்ச் என்பது ஆடுகள் நிறைசினையாக இருக்கும் மாதம். ஏப்ரலில் குட்டி போட வேண்டும். காற்றுக்கு ஒதுங்கிக் கற்சுவர் ஓரமாகப் போய் நிற்கும். பனி காற்றில் பறந்து வந்து குவிவதும் அதே சுவரோரம்தான். மேய்ப்பர்கள் நீண்ட கழிகளைப் பனிக்குள் குத்திக் குத்தித் தேடினார்கள். நாய்கள் மோப்பம் பிடித்துக் காட்டும். உள்ளே உயிர் இருந்தால் மூச்சின் சூட்டில் பனியின் மேல் சிறு துளை விழுந்திருக்கும், ஓரம் மஞ்சள் படிந்து. தோண்டி எடுத்தால் பசியில் தன் கம்பளியையே தின்றிருக்கும். பிரிட்டன் முழுக்கச் செத்த செம்மறிகள் சுமார் 40 லட்சம், நாட்டிலிருந்த ஆடுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று. பேரரசு என்ற சொல்லை நாம் சொல்லும்போது இந்த மேய்ப்பனின் முகம் நமக்குத் தோன்றுவதே இல்லை. அவனுக்கு இந்தியாவால் ஒரு கம்பளம்கூடக் கிடைத்திருக்காது.

மார்ச் 10 வாக்கில் தென்மேற்கிலிருந்து மிதமான காற்று திரும்பியது, மழையோடு. அடியில் மண் கல்லாக உறைந்திருந்ததால் ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஏழு வாரப் பனியும் புது மழையும் சேர்ந்து நேரே ஆறுகளுக்குப் போயின. தேம்ஸ், செவர்ன், டிரென்ட் எல்லாம் கரை மீறின. 16-ஆம் தேதி இரவு அடித்த புயல்காற்றில் கிழக்கே ஃபென்ஸ் தாழ்நிலத்தின் கரைகள் உடைந்து, விதைக்கக் காத்திருந்த வயல்கள் ஏரியாயின. சுமார் ஒரு லட்சம் வீடுகளில் தண்ணீர். மார்ச் 22 அன்று மவுண்ட்பேட்டன் டெல்லியில் இறங்கினார். அங்கே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அதே நாட்களில் யார்க்ஷயரின் செல்பி நகரத்து மக்கள் படகில் ஏறி வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

உங்கள் மாமாவுக்கு 1946 டிசம்பர் 18 என்ற தேதியை மட்டும் அனுப்பினால் போதும். அடுத்த வீட்டு அம்மாவிடம்தான் கேட்க நிறைய இருக்கிறது. தள்ளுவண்டியைக் கரிக்கு எடுத்துக்கொண்டு போனபோது தம்பியை யார் வைத்துக்கொண்டார்கள்? அப்பா படையிலிருந்து திரும்பியிருந்தாரா? கிடைத்த கரி எத்தனை நாள் வந்தது? அவர் வயதில் இதைச் சொல்ல இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள். ஒரு மாலை தேநீரோடு உட்கார்ந்து கேளுங்கள், அவர் அனுமதித்தால் எழுதி அனுப்புங்கள். இங்கே வெளியிடுகிறேன்.