ஆய்வகம் எங்கே என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

கேள்வி: "அண்ணாச்சி, வள்ளியூர் பக்கம் ஒரு ஆர்.ஓ. தண்ணீர் பிளாண்ட்டில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்துப் படித்தேன். வீட்டுச் சூழ்நிலையால் கல்லூரிக்குப் போக முடியவில்லை. இப்போது 'பயன்பாட்டு இயற்கை அறிவியல்' என்று ஒரு ஆன்லைன் டிகிரி விளம்பரம் போனில் வருகிறது. மூணு வருஷம், எல்லாமே வீட்டிலிருந்து, லேப் கிடையாது, சனிக்கிழமைக்குள் கட்டினால் பாதிக் கட்டணம் என்கிறார்கள். எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. சேரலாமா?"

தம்பி, சனிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டாம். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் அந்த விளம்பரத்தில் அவர்கள் வசதி என்று சொல்லும் 'லேப் கிடையாது' என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

பயன்பாட்டு இயற்கை அறிவியல் என்பது இயற்பியல், வேதியியல், உயிரியல், சுற்றுச்சூழல் எல்லாவற்றிலும் தேவையான பகுதியை எடுத்து, தண்ணீர், மண், உணவு, மின்சாரம் என்று நடப்பு வேலைகளுக்குப் பயன்படுத்தும் படிப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்த மாதிரிப் பெயரில் பட்டங்கள் உண்டு. நம் ஊரில் வேதியியல், உயிர்வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல், அல்லது மூன்று பாடம் சேர்ந்த பொது பி.எஸ்ஸி. என்ற பெயர்களில் இதே சரக்கு கிடைக்கும். பெயர் முக்கியமா என்றால், ஒரு இடத்தில் ரொம்ப முக்கியம். நாளைக்கு பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்கோ, வேறு அரசு வேலைக்கோ போகும்போது, அறிவிப்பில் கேட்டிருக்கும் பட்டத்துக்கு உங்கள் பட்டம் இணையானதா என்று பார்ப்பார்கள். புதுசான பெயரில் பட்டம் வைத்திருப்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொண்டு, இணைச் சான்றுக்காக அலைகிறார்கள். அதனால் எல்லாருக்கும் தெரிந்த பெயரிலேயே பட்டம் வாங்குங்கள்.

இனி விதிமுறை. நம் நாட்டில் தொலைநிலைக் கல்வியும் ஆன்லைன் கல்வியும் யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைக்குள் வருகின்றன. பலர் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள், ஆனால் அவை வேறு வேறு. தொலைநிலைக் கல்வியில் புத்தகம் வீட்டுக்கு வரும், படிப்பு மையத்துக்குப் போய் வகுப்பும் ஆய்வகமும் முடிக்கலாம். ஆன்லைன் என்றால் பாடம் முழுக்க இணையத்தில்தான், அதனாலேயே ஆய்வகம் கட்டாயமாக உள்ள பாடங்களை முழு ஆன்லைனில் நடத்த அந்த ஒழுங்குமுறை இடம் தருவதில்லை. கம்ப்யூட்டர் மென்பொருளே ஆய்வகமாக இருக்கிற பாடங்கள் வேறு கதை. ஆக, ஒரு இயற்கை அறிவியல் டிகிரியை 'லேப் இல்லாமல் முழு ஆன்லைன்' என்று ஒருவர் விற்றால், ஒன்று அதற்கு இங்கே அங்கீகாரம் இருக்காது, அல்லது அதில் அறிவியல் பெயரளவுக்குத்தான் இருக்கும். வெளிநாட்டுப் பட்டம் என்றும் சொல்வார்கள். அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து இங்குள்ள கல்லூரிகளும் கல்வி ஆப்காரர்களும் தரும் பட்டங்கள் செல்லாது என்று 2023 டிசம்பரிலேயே யுஜிசி எச்சரித்திருக்கிறது.

அங்கீகாரம் உண்டா என்று சரிபார்ப்பது சுலபம். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எந்த ஆண்டு, எந்த முறையில் நடத்தலாம் என்ற பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரப்போகிற பாடமும் அந்தப் பருவமும் அதில் இருக்க வேண்டும். 2024-லிருந்து மாணவர் அந்தத் தளத்தில் தானே ஒரு டெப் ஐடி (அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் அடையாள எண்) எடுத்துக்கொண்டுதான் சேர முடியும். "அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஆதாரை மட்டும் அனுப்புங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அப்புறம், முறையாக அனுமதி பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி அறிவித்தது. அதனால் "தபால்ல படிச்ச டிகிரிதானே" என்று பிளாண்ட்டில் யாராவது இளக்காரமாகப் பேசினால் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நான் இவ்வளவு பிடிவாதமாக ஆய்வகத்தைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம், பாளையங்கோட்டையில் ரொம்ப வருஷம் வேதியியல் செய்முறை வகுப்பு எடுத்தவன் நான். தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கால்சியம், மக்னீசியம் எவ்வளவு என்பதை, தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) முறையில் கண்டுபிடிக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதினால் நாலு வரிதான்: தண்ணீரை அளந்து எடு, பி.ஹெச். 10-க்குக் கொண்டுவரும் தாங்கல் கரைசலை ஊற்று, நிறங்காட்டியைப் போடு, ஒயின் சிவப்பு நீலமாக மாறும்வரை ப்யூரெட்டிலிருந்து (அளவுக்கோடும் கீழே திருகும் உள்ள கண்ணாடிக் குழாய்) ஈ.டி.டி.ஏ. என்ற கரைசலை விடு. வீடியோவில் பார்த்தால் மூணு நிமிஷத்தில் புரிந்த மாதிரி இருக்கும். ஆய்வகத்தில் நிற்கும்போதுதான் தெரியும், சிவப்பு போய் நீலம் வருவதற்கு நடுவில் ஒரு ஊதா வருகிறது, அதை நீலம் என்று நினைத்து நிறுத்துகிறவர் உண்டு, இன்னும் கொஞ்சம் விடலாம் என்று திருகி அரை மில்லி கூடுதலாக விட்டுவிடுகிறவர் உண்டு. கடைசித் துளியைப் பாதித் துளியாக ப்யூரெட் நுனியிலேயே நிறுத்தி, குடுவையின் சுவரில் தொட்டு எடுத்து, வாலை வடிநீரால் கழுவி உள்ளே இறக்குவதற்கு இடதுகையில் ஒரு பழக்கம் வர வேண்டும். இரண்டு தடவை செய்தாலும் அளவு 0.1 மில்லிக்குள் ஒத்துவர வேண்டும். எனக்குத் தெரிந்து சூத்திரம் எல்லாம் தலைகீழாகச் சொல்லும் பிள்ளைகள் முதல் மாதம் இதில் தடுமாறியிருக்கிறார்கள். பீடி சுற்றிப் பழகிய கையோடு வந்த ஒரு பெண் பிள்ளை இரண்டாவது வாரத்திலேயே பிடித்துக்கொண்டாள், விரல் நுனி அவளுக்கு அவ்வளவு சொன்னபடி கேட்டது. கையால் செய்து செய்துதான் இது வரும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வழி, ஆய்வகத்தோடு கூடிய தொலைநிலை பி.எஸ்ஸி. இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அது இருக்கிறது. பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர் சேரலாம், குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டுக்குள் முடிக்கலாம், செய்முறைப் பாடங்களை மையத்துக்கு நேரில் போய்ச் செய்ய வேண்டும், எழுத்துத் தேர்வு தனி, செய்முறைத் தேர்ச்சி தனி. அது மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் நாடு முழுக்க நடத்தலாம். மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்புக்கு எல்லை உண்டு, பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் 'மையம்' என்று பஸ் ஸ்டாண்டு மாடியில் போர்டு தொங்கினால் விசாரிக்காமல் நுழையாதீர்கள். சேரும் முன் இக்னோவின் படிப்பு மையத்துக்கு போன் போட்டு மூன்றே கேள்வி: செய்முறை எந்தக் கல்லூரி ஆய்வகத்தில்? தொடர்ச்சியாக எத்தனை நாள்? அது விடுமுறை மாதத்திலா, ஞாயிற்றுக்கிழமைகளிலா? இந்தப் பதிலை வைத்து உங்கள் முதலாளியிடம் முன்கூட்டியே லீவு பேசிவிடுங்கள். பாதியில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் பாடம் புரியாமல் நிற்பதில்லை, செய்முறை நாட்களுக்கு லீவு கிடைக்காமல்தான் நிற்கிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நேரக் கணக்கும் போட்டுப் பாருங்கள். பாடத்தின் அளவை கிரெடிட் என்ற அலகில் சொல்வார்கள்; ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது தொலைநிலைக் கல்வியின் கணக்கு. 120 கிரெடிட் என்று வைத்தாலே 3,600 மணி நேரம். மூன்று ஆண்டில் முடிக்க வாரத்துக்கு 23 மணி நேரம் வேண்டும், ஒரு ஞாயிறு லீவை வைத்துக்கொண்டு அது நடக்காது. ஆறு ஆண்டு என்றால் வாரம் பன்னிரண்டு மணி நேரம்: ஞாயிறு ஆறு, மற்ற நாட்களில் தினம் ஒரு மணி. இது நடக்கும். ஐந்தரை, ஆறு ஆண்டு என்று மனதில் வைத்து ஆரம்பியுங்கள், அவசரப்பட வேண்டாம்.

சேர்க்கைக்கு முன் ஒரு வெள்ளோட்டமும் பார்க்கலாம். ஸ்வயம், என்பிடெல் என்ற அரசு ஆன்லைன் பாடத் தளங்களில் வேதியியல், சுற்றுச்சூழல், தண்ணீர்ச் சுத்திகரிப்பு பற்றி 8 வாரம், 12 வாரப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி மையத்தில் தேர்வு எழுதலாம். ஒரு பாடத்தை வாரம் தவறாமல் அசைன்மென்ட்டோடு முடித்துவிட்டீர்கள் என்றால் டிகிரியும் உங்களால் முடியும். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அது பயமாக இருந்தால் பழைய பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் 'கரைசல்கள்' பாடத்தைப் படியுங்கள். உங்கள் பிளாண்ட்டில் ஓடும் ஆர்.ஓ.வே, எதிர் சவ்வூடு பரவல் என்ற பெயரில், அதில் இருக்கிறது, செய்த வேலைக்கு ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொள்ள ரொம்ப நாள் ஆகாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் விர்ச்சுவல் லேப்ஸும் இலவசம்தான். செய்முறைக்குப் போகும் முந்தின வாரம் அதில் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனால் கை நடுங்காது. ஆய்வகத்துக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் உங்கள் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி. தினம் பத்துத் தடவை முக்கிப் பார்க்கிறீர்கள். உண்மையில் அது கரைந்த உப்பை எடைபோட்டுச் சொல்வதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டரில் அந்த எண் 0.5, சிலவற்றில் 0.7. அதனால்தான் ஒரே தண்ணீருக்கு இரண்டு மீட்டர் இரண்டு கணக்கு சொல்கிறது, கடைக்காரர் 'இது டூப்ளிகேட்' என்கிறார். உங்கள் மீட்டர் எது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். சுத்தமான 20 லிட்டர் கேனில் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து முதலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சமையல் உப்பு 20 கிராம் நல்ல தராசில் நிறுத்துப் போட்டு, முழுக்கக் கரைந்ததும் மறுபடி அளந்து, முதல் அளவைக் கழியுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. 1,000-ஐ ஒட்டிக் காட்டினால் உங்கள் மீட்டர் 0.5 வகை, 1,400-ஐ ஒட்டிக் காட்டினால் 0.7 வகை. அந்தக் கேனைத் தனியாக அடையாளம் போட்டு வையுங்கள், வண்டியில் ஏறிவிடப் போகிறது.

இன்னொன்றும் இதிலேயே தெரியும். மின்சாரத்தைக் கடத்துகிற மொத்தச் சரக்கைத்தான் மீட்டர் பார்க்கிறது, அது என்ன சரக்கு என்று பார்ப்பதில்லை. குடிநீருக்கான இந்தியத் தரத்தில், ஐ.எஸ். 10500-இல், டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத ஊரில் 2,000 வரை. ஃப்ளோரைடுக்கு 1, மிஞ்சிப் போனால் 1.5. லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிற தண்ணீர் பல்லையும் எலும்பையும் கெடுக்கும், ஆனால் டி.டி.எஸ். 300 என்று உங்கள் மீட்டர் சமர்த்தாகக் காட்டும். கிருமிகளையோ அது கண்டுகொள்வதே இல்லை. ராதாபுரம், திசையன்விளை பக்கத்து உவர்த்தண்ணீருக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை மீட்டர் சொல்லும், அதற்கு மேல் சொல்ல ஆய்வகமும் அதில் படித்த ஆளும் வேண்டும். அந்த ஆளாகத்தான் உங்களை நான் பார்க்கிறேன். பாட்டில் தண்ணீர் ஆலைகளின் பரிசோதனைக் கூடம், கங்கைகொண்டான் சிப்காட்டிலும் தூத்துக்குடியிலும் உள்ள தொழிற்சாலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தனியார் நீர்ப் பரிசோதனை நிலையங்கள் எல்லாவற்றிலும் வேதியியலோ நுண்ணுயிரியலோ படித்து, சோதனையைக் கையால் செய்யத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. நேர்முகத்தில் ப்யூரெட்டைக் கையில் கொடுத்தே பார்ப்பவர்கள் உண்டு. லேப் இல்லாத டிகிரிக்காரர் அங்கே என்ன செய்வார், சொல்லுங்கள்.

ஞாயிறு எல்லாம் புத்தகத்திலேயே போக வேண்டாம். கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டி மாவட்ட அறிவியல் மையம் 1987-லிருந்து இருக்கிறது, ஒருதரம் போய் வாருங்கள். ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பெயர் கொடுத்துப் போனீர்கள் என்றால், களத்தில் எண்ணி, குறித்து, அடுத்தவர் எண்ணியதோடு ஒப்பிடுவது எப்படி என்று காசில்லாமல் கற்றுக்கொள்ளலாம். நம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருப்பது ஊர்க்காரர்கள் பலருக்கே தெரியாது. காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, நம் ஊரை ஒட்டிப் போவதால், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் மின்னோட்டத்தை இங்கிருந்து கவனிப்பதற்காக அதை இங்கே வைத்திருக்கிறார்கள்.

இந்த வாரம் இதைச் செய்யுங்கள். யுஜிசி தளத்தில் அந்த விளம்பரப் படிப்பைத் தேடிப் பாருங்கள், இருக்கிறதா இல்லையா என்று உங்கள் கண்ணாலேயே தெரிந்துகொள்ளுங்கள். மையத்துக்கு போன் போட்டு ஆய்வக நாட்களைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கேனில் உப்பைக் கரைத்து மீட்டரை முக்குங்கள், என்ன காட்டியது என்று எனக்கு எழுதுங்கள், தண்ணீரின் வெப்பநிலையையும் சேர்த்து எழுத மறக்க வேண்டாம், அளவு அதைப் பொறுத்தும் மாறும்.