அம்மாவின் ரேகை தேய்ந்துவிட்டது: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மா 25 வருஷமாக வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். வங்கியில் ஆதார் கருவியில் அவர் விரலை எத்தனை முறை வைத்தாலும் ரேகை விழவில்லை. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தரச் சொன்னார்கள். 'மை மதர் ஹேஸ் நோ ஃபிங்கர்பிரின்ட்' என்று எழுதினேன். அக்கா மகனோ 'தம்ப் இம்ப்ரெஷன்' என்றுதான் எழுத வேண்டும் என்கிறான். எது சரி?"

இரண்டுமே வேண்டாம். எழுத வேண்டிய வரி இதுதான்: "மை மதர்ஸ் ஃபிங்கர்பிரின்ட்ஸ் ஆர் வோர்ன், அண்ட் த ஸ்கேனர் கேனாட் ரீட் தெம்." ரேகைகள் தேய்ந்திருக்கின்றன, கருவியால் படிக்க முடியவில்லை. பத்து விரலையும் பற்றிய பேச்சு என்பதால் பன்மை. ஃபிங்கர், பிரின்ட் என்று பிரிக்காமல் ஒரே சொல்லாக எழுதுங்கள்.

நீங்கள் எழுதிய வரியில் இருக்கும் சிக்கல், அது வேறொரு செய்தியைச் சொல்லிவிடுகிறது. பிறவியிலேயே விரல் ரேகை இல்லாதவர்கள் உலகில் மிகச் சிலர் உண்டு. ஸ்விட்சர்லாந்துப் பெண் ஒருவர் அமெரிக்காவுக்குள் நுழைய முயன்றபோது விரலில் ரேகையே இல்லாததால் திணறிய பிறகுதான் மருத்துவர்கள் அதைக் கூர்ந்து ஆராய்ந்தார்கள். அதற்குக் காரணமான மரபணுவை 2011-இல் கண்டுபிடித்தார்கள். உங்கள் அம்மாவின் கதை அது இல்லை. ரேகை இருந்தது; நெருப்பும் அமிலமும் மெருகுத் தூரிகையும் அதைத் தேய்த்துவிட்டன. ஏற்காட்டு எஸ்டேட்டில் கவாத்துக் கத்தி பிடித்த கைகளுக்கும் இதே பாடுதான். உழைத்துத் தேய்ந்த விரலை 'இல்லை' என்று எழுதக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. நடைமுறையிலும் அது உங்களுக்குப் பாதகம். இல்லாத ரேகைக்கு வழி வேறு, தேய்ந்த ரேகைக்கு வழி வேறு.

இந்தக் குழப்பம் தமிழிலிருந்தே வருகிறது. 'கைரேகை' என்ற ஒரே சொல்லை வைத்து நாம் மூன்று வேலை பார்க்கிறோம். ஜோசியர் பார்ப்பதும் கைரேகை, போலீஸ் எடுப்பதும் கைரேகை, பத்திரத்தில் வைப்பதும் கைரேகை. ஆங்கிலத்தில் மூன்றும் தனித்தனி. உள்ளங்கைக் கோடுகள் 'பாம் லைன்ஸ்'. விரல் நுனியில் சங்கு, சக்கரம் என்று நாம் எண்ணிப் பார்க்கும் வரிகளும், அவை கண்ணாடியிலோ கருவியிலோ விட்டுப்போகும் தடமும் 'ஃபிங்கர்பிரின்ட்'. கையெழுத்துக்குப் பதிலாக மையில் தோய்த்து வைப்பது 'தம்ப் இம்ப்ரெஷன்'. 'பிரின்ட்' என்றால் அழுத்தியதால் பதிந்த அச்சு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அக்கா மகன் சொன்னது இங்கேதான் தவறுகிறது. கடிதத்தில் 'தம்ப் இம்ப்ரெஷன்' என்று எழுதினால், உங்கள் அம்மா கையெழுத்துப் போடாதவர் என்று வங்கி எடுத்துக்கொள்ள இடமுண்டு. அவர் கையெழுத்துப் போடுபவர் என்றால் அந்தச் சொல்லை எங்கும் எழுதாதீர்கள். போடாதவர் என்றால், கடிதத்தின் அடியில் ரேகை வைத்து, பக்கத்தில் 'லெஃப்ட் தம்ப் இம்ப்ரெஷன் ஆஃப்' என்று எழுதி அவர் பெயரைச் சேர்த்து, ஒரு சாட்சியின் கையெழுத்தும் வாங்குங்கள். 'கைநாட்டு' என்று சிலர் இளக்காரமாகப் பேசினாலும் சட்டத்தின் முன் அதற்குக் குறைவில்லை. எழுதத் தெரியாதவர் இடும் அடையாளமும் கையொப்பமே என்று சட்டச் சொற்களுக்குப் பொருள் வரையறுக்கும் 'ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட்' சொல்கிறது.

கையெழுத்துக்குப் பதிலாக வைப்பது, ஆளை அடையாளம் காண்பது என்ற இந்த இரண்டு பயன்பாடும் நம் நாட்டில் ஒன்றோடொன்று பிணைந்து வளர்ந்தவை. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்கான பொருள் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தத் தாளில் கை முழுவதையும் பதிய வைத்தார். பின்னாளில் பேச்சு மாற்றக் கூடாது என்பதற்காக. அதாவது கையெழுத்துப் போல ஒரு உறுதி. ஆளை அடையாளம் காணும் கருவியாக அது மாறியது பிறகுதான். 1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கில் அங்கே பணியாற்றிய அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் இருவரின் உழைப்பு பெரிது. 1899-இல் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 'ஃபிங்கர் இம்ப்ரெஷன்' என்ற சொல் நுழைந்தது. அதனால்தான் நீதிமன்றத் தாள்களில் இன்றும் அந்தப் பழைய வடிவத்தைப் பார்க்கிறீர்கள். வங்கிக் கடிதத்துக்கு அது தேவையில்லை.

இந்தச் சொல் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவும் வரும். அங்கே கவனம் வேண்டும். 'ஷி வாஸ் ஃபிங்கர்பிரின்டட்' என்றால் அவருடைய ரேகையை எடுத்தார்கள் என்று பொருள். விசா அலுவலகத்துக்கும் அது பொருந்தும்; ஆனால் படிப்பவர் மனதில் முதலில் வருவது காவல் நிலையம்தான். அம்மாவைப் பற்றிய கடிதத்தில் அந்த வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள். மற்றபடி, 1984-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்த டி.என்.ஏ. ஃபிங்கர்பிரின்ட் போல, ஒன்றை மட்டும் தனித்துக் காட்டும் எந்த அடையாளத்துக்கும் இப்போது இந்தச் சொல்லை வைக்கிறார்கள்.

சரி, கடிதத்துக்கு வருவோம். குறையை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் பயனில்லை, என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்க வேண்டும். ஆதாரில் பத்து விரல்களோடு இரண்டு கருவிழிகளும் முகமும் பதிவாகியிருக்கின்றன. எனவே இரண்டாவது வரி: "கைண்ட்லி வெரிஃபை ஹெர் ஐடென்டிட்டி பை ஐரிஸ் ஆர் ஃபேஸ்." அம்மா செய்யும் வேலையையும் எத்தனை வருஷம் என்பதையும் முதல் வரிக்கு முன்னால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள், காரணம் புரிந்தால் அதிகாரிக்கும் எளிது.

இன்னொன்று. ரேகையின் அமைப்பு தாயின் வயிற்றிலேயே தோலின் அடியடுக்கில் உருவாகிவிடுவது. மேல்தோல் மட்டும் தேய்ந்திருந்தால் அதே வரிகள் திரும்ப வளரும். ஆழமாகச் சுட்டுத் தழும்பானால்தான் திரும்பாது. பட்டறைக்குச் சில நாள் லீவு கிடைக்கும்போது, விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவி வரச் சொல்லுங்கள். அப்புறம் எண்ணெய்ப் பசை போகக் கழுவித் துடைத்துவிட்டு ஆதார் மையத்தில் பத்து விரலையும் புதிதாகப் பதியுங்கள். பட்டறையில் அதிகம் தேய்வது பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான். எனவே வங்கிக் கருவியில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் வைத்துப் பார்க்கும்படி கேளுங்கள்.