நாலரை மணிக்கு எழுந்த இன்ஷூரன்ஸ்காரர்

கேள்வி: எனக்கு 39 வயது. நகைக்கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனக் கிளையில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். கல்லூரி நாளிலிருந்தே கவிதை எழுதுகிறேன். சிற்றிதழ்களில் ஐந்தாறு வந்திருக்கின்றன. ஆபீஸில் யாருக்கும் தெரியாது, சொல்லவும் கூச்சம். பக்கத்து கவுன்ட்டர் அக்கா வார இதழில் ராசிபலன் தவிர எதுவும் படிக்க மாட்டார். அந்த மாதிரி இடம். சமீபத்தில் ஒரு இலக்கியக் கூட்டத்தில் பேசியவர், அமெரிக்காவில் டெட் கோசர் என்ற கவிஞர் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையை விட்ட ஐந்தே வருடத்தில் நாட்டின் அரசவைக் கவிஞர் ஆனார், மறுவருடமே புலிட்சர் பரிசும் வாங்கினார் என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. "ஒரு வருஷம் எப்படியும் சமாளிச்சுக்கலாம், விட்டுடு" என்கிறார் கணவர். மகன் ஒன்பதாவது, மகள் ஐந்தாவது படிக்கிறார்கள். வேலையை விடலாமா? மூன்று கவிதைகள் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கூட்டத்தில் பேசியவர் பொய் சொல்லவில்லை. கோசர் வேலையை விட்டது 1999-ல். அரசவைக் கவிஞராக, அதாவது அங்கே 'போயட் லாரியட்' என்கிறார்களே அந்தப் பதவிக்கு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் அவரை அழைத்தது 2004-ல். 'டிலைட்ஸ் அண்ட் ஷாடோஸ்' தொகுப்புக்குப் புலிட்சர் கிடைத்தது 2005-ல். வருடக் கணக்கெல்லாம் சரிதான். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்த அந்தக் கதையில் முதல் முப்பத்தைந்து வருடத்தைக் காணோம். நீங்கள் முடிவெடுப்பதற்கு அந்த வருடங்கள்தான் வேண்டும்.

1939-ல் ஐயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற ஊரில் பிறந்தவர் அவர். அப்பா கடை நிர்வாகி. கல்லூரி முடித்து ஒரு வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, மேல்படிப்புக்காக நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் ஷப்பிரோ என்ற பெரிய கவிஞர் பேராசிரியராக இருந்தார். இவர் அவர் பின்னாலேயே சுற்றினார், மற்ற பாடங்களைக் கவனிக்கவில்லை. உதவித்தொகை போயிற்று. சாப்பாட்டுக்கு ஒரு வேலை வேண்டுமே என்று 1964-ல் லிங்கனிலேயே ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில் அடிமட்ட வேலையில் சேர்ந்தார். கவிஞனாக வேண்டும் என்று ஊர் விட்டு வந்த இளைஞனுக்கு அது தோல்வியாகத்தான் பட்டிருக்கும். முதுகலைப் பட்டத்தை 1968-ல்தான், வேலை பார்த்துக்கொண்டே, முடிக்க முடிந்தது.

தினமும் விடிகாலை நாலரை மணிக்கு எழுந்திருப்பார். ஏழு மணிவரை ஒரு நாற்காலி, ஒரு நோட்டுப் புத்தகம். அப்புறம் குளியல், கோட்டு, டை, ஆபீஸ். இது ஒரு மாதமோ ஒரு வருடமோ நடந்ததல்ல, வேலையில் இருந்த காலம் முழுக்க நடந்தது. கம்பெனி மாறினார், பதவி உயர்ந்து துணைத் தலைவர் வரை போனார், நாலரை மணி மாறவில்லை. 1969-ல் முதல் தொகுப்பு வந்தது. 1980-ல் 'ஷ்யூர் சைன்ஸ்' வந்தபோது அமெரிக்கக் கவிதை உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1994-ல் 'வெதர் சென்ட்ரல்'. இடையில் 'விண்ட்ஃபிளவர் பிரஸ்' என்று சொந்தமாக ஒரு சின்னப் பதிப்பகம் வைத்து மற்றவர்கள் கவிதைகளையும் அச்சிட்டார். எல்லாம் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தபோது நடந்தவை. வேலையை விட்டதால் கவிதை வந்தது என்று இனி யார் சொன்னாலும் நீங்கள் நம்பக் கூடாது.

வேலையை ஏன் விட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998-ல் அவருக்கு வாயில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு. அந்தக் கோடை முழுக்கப் படிப்பதையும் எழுதுவதையும் கிட்டத்தட்டக் கைவிட்டிருந்தார். கதிர்வீச்சு பட்ட தோலுக்கு ஒரு வருடம் வெயில் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், விடிவதற்கு முன்பே எழுந்து கிராமத்துச் சாலையில் இரண்டு மைல் நடக்க ஆரம்பித்தார். நவம்பரில் ஒருநாள் நடந்துவிட்டு வந்து, தனக்கே ஆச்சரியமாக, ஒரு கவிதை எழுதிப் பார்த்தார். மறுநாளும் எழுதினார். அவற்றை அஞ்சலட்டையில் ஒட்டி நண்பர் ஜிம் ஹாரிசனுக்கு அனுப்பத் தொடங்கினார். ஹாரிசனும் எழுத்தாளர். அப்படிப் போனவற்றில் நூறு அட்டைகள்தான் 2000-ல் 'விண்டர் மார்னிங் வாக்ஸ்' என்ற புத்தகம்.

ஒவ்வொரு கவிதைக்கும் தலைப்பு என்று எதுவும் இல்லை. தேதி, அன்றைக்கு வானம் எப்படி, குளிர் எவ்வளவு, அவ்வளவுதான். என் அக்காவுக்குக் கதிர்வீச்சு நடந்த நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்தேன். நோயைப் பற்றிய புலம்பல் அதில் இல்லை. சரளைக்கல், பனி, வேலிக்கம்பி, ஒரு பறவை. இன்றைக்கும் பார்க்கக் கிடைத்தது என்ற நன்றி மட்டும் ஒவ்வொரு அட்டையிலும் இருக்கிறது. கடைசி அட்டையில், சாலையின் முடிவில் சூரியன் நின்று அவருக்காகக் காத்திருக்கிறது. அக்காவுக்கு அதை நான் தமிழில் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆக, 1999-ல் அறுபது வயதில் அவர் வேலையிலிருந்து விலகியதை, முப்பத்தொன்பதில் நீங்கள் எடுக்க நினைக்கும் ராஜினாமாவோடு ஒப்பிட முடியாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவிதை எழுதப் பழகுகிறவர்களுக்காக அவர் 2005-ல் ஒரு கைநூல் எழுதினார், 'தி போயட்ரி ஹோம் ரிப்பேர் மேன்யுவல்' என்று பெயர். கவிதை எழுதி யாரும் பிழைக்க முடியாது, இந்தப் பண விஷயத்தை முதலிலேயே பேசி முடித்துவிடுவோம் என்றுதான் முதல் அத்தியாயம் தொடங்குகிறது. அமெரிக்காவில் பெயர் பெற்ற கவிஞர்களில் மிகப் பலர் பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை கற்பித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள். கோசரும் பின்னாளில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். வேலையைத் துறந்து கவிதையை மட்டும் நம்பி வாழ்ந்த கோசர் என்று ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது வேறு. நீங்கள் எதை மறைக்கிறீர்களோ அதைத்தான் அவர் பயன்படுத்திக்கொண்டார்.

இன்ஷூரன்ஸில் அவர் நெடுங்காலம் பார்த்தது அண்டர்ரைட்டர் வேலை. விண்ணப்பத்தில் இருக்கும் வயது, தொழில், நோய் விவரம் எல்லாவற்றையும் படித்து, இந்த ஆளுக்குப் பாலிசி தரலாமா, பிரீமியம் எவ்வளவு வைக்கலாம் என்று முடிவு செய்கிறவர். முகம் தெரியாத ஒரு மனிதனைக் காகிதத்தை வைத்து ஊகிக்கும் வேலை. அவருடைய புகழ்பெற்ற கவிதை ஒன்றில் கைவிடப்பட்ட பண்ணை வீடு வரும். ஆட்கள் யாரும் இல்லை. உடைந்த பாத்திரக் குவியலில் கிடக்கும் காலணியின் அளவு, அந்த வீட்டுக்காரன் பெரிய ஆகிருதி என்கிறது. தரையில் கிடக்கும் பைபிள் அவன் கடவுளுக்குப் பயந்தவன் என்கிறது. கல் நிறைந்த வயல், அவனுக்கு விவசாயம் ஒத்துவரவில்லை என்கிறது. டிராக்டர் டயரில் செய்த மணல்தொட்டி ஒரு குழந்தை இருந்ததைச் சொல்கிறது. ஏதோ தப்பாகிவிட்டது என்பதைச் சாமான்களே சொல்லிவிடுகின்றன. விண்ணப்பம் படித்துப் பழகிய கண் அந்தக் கவிதையில் இருப்பதாகவே நான் நம்புகிறேன்.

அடுத்தது இன்னும் பெரிது. காலையில் எழுதிய கவிதையை ஆபீஸுக்கு எடுத்துப் போய்த் தன் செக்ரட்டரியிடம் காட்டுவார். புரிகிறதா என்று கேட்பார். புரியவில்லை என்று சொன்னால் வாதாட மாட்டார், வீட்டுக்குப் போய்த் திரும்ப எழுதுவார். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு கவிதையே படித்திராத மனிதர்களோடு தினமும் வேலை பார்த்தேன், அவர்களுக்காக எழுத விரும்பினேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பேராசிரியராகவே இருந்திருந்தால் பேராசிரியர்களுக்குப் பிடிக்கிற கவிதையைத்தான் எழுதியிருப்பேன் என்பது அவர் எண்ணம். அவர் வரிகளில் இருக்கும் தெளிவுக்கு அந்த ஆபீஸ்தான் காரணம். அரசவைக் கவிஞரானதும் அவர் செய்த முதன்மையான காரியமும் இதன் தொடர்ச்சியே: நாளிதழ்கள் இலவசமாகப் போட்டுக்கொள்ளும்படி வாரம் ஒரு கவிதை, அதற்கு நாலு வரி அறிமுகம். சின்ன ஊர்ப் பத்திரிகைகளிலும் அது வந்தது.

இப்போது உங்கள் கவிதைகளுக்கு வருகிறேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் மும்முறை படித்தேன். இருத்தல், வெறுமை, நிலவு, நிழல் எல்லாம் இருக்கின்றன. நீங்கள் இல்லை. மூன்றாவதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கையிலிருந்து கழற்ற முடியாத வளையலைச் சோப்பு நுரை போட்டுக் கழற்றுகிற கிழவி. வளையல் இருந்த இடத்தில் வெளுத்த தோல். உரைகல்லில் அப்ரைசர் இழுக்கும் கோட்டை அவள் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்ப்பது. இதை வெளியிலிருந்து ஒருவர் கற்பனை பண்ணி எழுத முடியாது. அந்த கவுன்ட்டருக்குப் பின்னால் 14 வருடம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வேலை உங்களை வதைக்கிறது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்களுக்கு இல்லாதது நேரம். அங்கேதான் கோசரின் நாலரை மணியை அப்படியே தூக்கி உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுப் பெண்களின் நாலரை மணி ஏற்கெனவே இட்லிப் பானைக்கும் டிபன் பாக்ஸுக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. சீக்கிரம் எழுந்தால் எழுதலாம் என்று உங்களிடம் சொல்வது, தூக்கத்திலும் ஒரு மணி நேரத்தைக் கொடு என்று கேட்பதுதான்.

அதனால் கணவரிடம் பேசுங்கள். ஒரு வருடச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் மனிதர் நல்ல மனிதர். அவரிடம் அந்த வருடம் வேண்டாம், தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள். அந்த நேரத்தில் அடுப்பு அவருடையது. மகனுக்கு வயது பதினான்கு இருக்கும், தன் டிபன் பாக்ஸைத் தானே கட்டிக்கொள்ளட்டும். விருந்தாளி வந்தாலும், மாமியார் வந்தாலும், தேர்வு வந்தாலும் அந்த ஒன்றரை மணி நேரம் அசையக் கூடாது. இது ராஜினாமாவைவிடக் கடினமான வேண்டுகோள் என்று எனக்குத் தெரியும். ராஜினாமாக் கடிதத்தை ஒருமுறை கொடுத்தால் போதும், இதைத் தினமும் காப்பாற்ற வேண்டும். ஒரு வருடம் இப்படிப் போகட்டும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் எழுதுங்கள், மறுபடி பேசுவோம்.

ஒரு வேலை மட்டும் இந்த வாரமே. கோசருடைய கவிதை ஒன்றில் அவர் தனக்கு ஒரு வாசகியைத் தேர்ந்தெடுப்பார். பழைய மழைக்கோட்டு போட்ட பெண். அவருடைய புத்தகத்தைக் கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் காசுக்கு என் கோட்டைச் சலவைக்குப் போடலாம் என்று திரும்ப அலமாரியில் வைத்துவிடுவாள். அவள்தான் வேண்டும் என்கிறார் கவிஞர். உங்களுக்கு அப்படிப்பட்டவரைத் தேட வேண்டியதே இல்லை, பக்கத்து கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறார். வளையல் கவிதையை ஒரு தாளில் எழுதி மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்காவிடம் கொடுங்கள். நீங்கள் எழுதியது என்று சொல்லியே கொடுங்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். உங்கள் கடைசி வரியில் திடீரென்று பிரபஞ்சம் வருகிறது. யாரும் சொல்லாமலே அக்கா அந்த வரியில் தடுக்கி நின்றுவிடுவார் என்று நினைக்கிறேன். "இது என்னம்மா இங்க?" என்று கேட்டால், அன்றைக்கு ராத்திரியே அந்த வரியை எடுத்துவிட்டு எனக்கு மறுபடி அனுப்புங்கள்.