மாதாமாதம் பணம் கட்டி இணையதளப் பார்வையாளர் கணக்கு வாங்குவது சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகுமா?

உங்கள் கடைக்கும் ஒருவர் லேப்டாப்போடு வந்து, வட்டமும் கோடுமாகப் படம் காட்டி, "உங்கள் தளத்துக்கு வருகிற நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் வாங்காமல் போகிறார்கள், ஏனென்று தெரிய வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இந்தச் சந்தேகம் சிறு வியாபாரிக்குத் தானாக வராது. என்னிடமும் ஒருவர் அப்படித்தான் வந்தார். ஒன்பது மாதம் விரும்பிப் பணம் கட்டினேன், இரண்டு மாதம் விரும்பாமல் கட்டினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எனக்குத் தொழில் பவானியில் ஜமக்காளம். அப்பாரு காலத்திலிருந்து இதுதான். 2020 ஊரடங்கில் கல்யாண மண்டபங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது அக்கா மகன்தான் தளம் போட்டுக் கொடுத்தான். தளத்துக்கு எத்தனை பேர், எங்கிருந்து வருகிறார்கள் என்று எண்ணுகிற கூகுளின் இலவச அனலிட்டிக்ஸையும் அவனே இணைத்துவிட்டான். அதை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

2023 கோடையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த அந்தத் தம்பி ஒரு பாதி உண்மையைச் சொன்னார். "அண்ணா, கூகுள் இலவசமாகக் கொடுத்தது ஜூலையோடு நின்றுபோகிறது, இனி நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வியாபாரம் செய்ய வேண்டும்" என்றார். நின்றது உண்மைதான். பழைய பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளை எண்ணுவதை நிறுத்தியது. ஆனால் அதற்கு மாற்றாக ஜிஏ4 என்ற புதிய பதிப்பு 2020-லேயே வந்துவிட்டது, அதுவும் இலவசம். அந்தப் பாதியை அவர் சொல்லவில்லை, நானும் அக்கா மகனிடம் கேட்கவில்லை. மாதாமாதம் அவர் அனுப்பும் பார்வையாளர் அறிக்கைக்கு மாதம் 6,000 ரூபாய் என்று கையெழுத்துப் போட்டேன். ஜிஎஸ்டி தனி. அதை வரவு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சொன்னதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

முதல் மாத அறிக்கை வந்தது. 1,900 வருகைகள், தளத்தில் நேராக வந்த ஆர்டர் 22. ஊர்ப் பட்டியலில் நான்காவதாக ஆஷ்பர்ன் என்று ஒரு பெயர். தேடினால் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. தினமும் தவறாமல் வருகிறார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நம் ஆட்கள் அங்கே ஒரு சங்கம் வைத்திருப்பார்கள், பொங்கல் விழாவுக்குப் பந்தி விரிக்கத் தேடுகிறார்கள் என்று நானே கதை கட்டிக்கொண்டு, தபால் நிலையத்துக்குப் போய் ஐந்து கிலோ பார்சலுக்கு அமெரிக்காவுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டு வந்தேன். வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அக்கா மகன் பார்த்துவிட்டு, "மாமா, ஆஷ்பர்ன் முழுக்க டேட்டா சென்டர். வருவது மனுசன் இல்லை, மெஷின்" என்றான். தானாகத் தளங்களை மேய்கிற நிரல்கள். அதே பட்டியலில் ஈரோடு என்று காட்டியதில் பாதி நானும் கடைப் பையன்களும் தளத்தைத் திறந்து பார்த்தது.

சரி, அது போகட்டும், வேடிக்கை. வலித்தது வேறு.

எங்களிடம் ஜமக்காளம் வாங்குகிறவர் தளத்தைப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார், பிறகு மூடிவிட்டுப் போன் செய்வார். காது குத்துக்கு நாற்பது பேர் உட்கார எத்தனை வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா, மொத்தமாக எடுத்தால் குறைப்பீர்களா என்பதையெல்லாம் எந்தத் தளத்திலும் கேட்க முடியாது. என் மனைவி போன் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்து, பேசுகிற ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டு எழுத ஆரம்பித்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே. அந்த மாதம் போனிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த ஆர்டர் 41. அதில் 27 பேர் முதலில் தளத்தைப் பார்த்தவர்கள். அறிக்கையில் அந்த 27 பேரும் "வாங்காமல் வெளியேறியவர்கள்" கணக்கில் இருந்தார்கள். அவர்களை ஈர்க்க என்ன செய்யலாம் என்று நான்கு பக்க ஆலோசனை வேறு. காசைக் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுத்துக்கொண்டு போனவரை எப்படி ஈர்ப்பது?

இங்கே டிஜிட்டல் மார்க்கெட்டிங் படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வாட்ஸ்அப் பொத்தானையும் போன் எண்ணையும் தொட்டால் எண்ணும்படி அமைக்கலாம் என்பது இப்போது எனக்கும் தெரியும். ஜிஏ4-இல் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்துகொடுத்தான், ஒரு பைசா செலவில்லை. நாங்கள் குழுக்களில் அனுப்பும் இணைப்புகளுக்குப் பின்னால் யுடிஎம் என்ற வாலைச் சேர்க்கவும் சொல்லிக்கொடுத்தான். வாட்ஸ்அப்பிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் "நேரடியாக வந்தவர்கள்" என்று விழுந்துவிடுவார்கள், வால் இருந்தால் எந்தக் குழுவிலிருந்து என்று தெரியும். ஆனால் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுக் கையிலிருக்கிற போனில் எண்ணை அழுத்துகிறவரை இந்த அமைப்பு பிடிக்காது. நோட்டுதான் பிடிக்கும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜமக்காளத்தில் கூலி, நூல், சாயம், பார்சல் போக எனக்கு நிற்பது ஏறத்தாழ 150 ரூபாய். 6,000 ரூபாய்க்கு 40 ஜமக்காளம். தளத்திலேயே மாதம் இருபத்துச் சொச்சம்தான் போகிறது. அறிக்கைக்குக் கூலி கொடுக்க மட்டும் நான் இன்னும் 40 விற்க வேண்டும். உங்கள் சரக்கில் ஒன்றுக்கு என்ன நிற்கிறதோ அதை வைத்து இதே வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

உருப்படியாக எனக்கு ஒன்று தெரியவந்தது மைக்ரோசாஃப்டின் கிளாரிட்டியில். அது இலவசம். தளத்துக்கு வந்தவர் எங்கே தொட்டார், எதுவரை நகர்த்தினார் என்பதைப் படமாக ஓட்டிக் காட்டும். யார் என்று காட்டாது. ஒரு நாள் இரவு சாப்பிட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட ஒரு ஜமக்காளப் படத்தின் வலது மூலையைத் தொடுகிறார். மறுபடி தொடுகிறார். ஏழு முறை. பிறகு போய்விட்டார். அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று என் போனில் திறந்து பார்த்தேன். நீள அகலத்தை நாங்கள் படத்துக்குள்ளேயே பொடி எழுத்தில் போட்டிருந்தோம், போனில் அது எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பெரிதாக்கவும் வழியில்லை. மறுநாளே அளவை வெளியே எடுத்து அடியில் எழுதினோம். கூடவே, விரித்த ஜமக்காளத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிற ஒரு படமும் போட்டோம். "எத்தனை பேர் உட்காரலாம்?" என்று கேட்கிற போன் பாதியாகக் குறைந்தது. மாதம் 6,000 ரூபாய் அறிக்கையில் இந்தப் பக்கத்துக்கு "ஈடுபாடு குறைவு" என்று ஒரு சிவப்பு அம்பு மட்டும் இருந்தது.

அந்த அறிக்கையில் இன்னொரு வரி, "போட்டியாளர்களைவிட உங்கள் விலை அதிகம்." ஆமாம், அதிகம்தான். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப் பட்டியலில் ஜமக்காளமும் இருக்கிறது, விசைத்தறியில் நெய்யக் கூடாது. ஆனால் இணையத்தில் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு விசைத்தறி விரிப்பைப் பாதி விலைக்கு விற்கிறார்கள், கேட்பாரில்லை. இங்கே குழித்தறியில் காலை விட்டுக்கொண்டு அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்து நாடா தள்ளுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் பெருந்துறை சிப்காட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். இதை எந்த அம்பு போட்டுக் காட்டுவது? கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கட்டணச் சேவையே வீண் என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். திருப்பூரில் என் மச்சான் பனியன் விற்கிறார், விளம்பரத்துக்கே மாதம் இரண்டு லட்சம் போகிறது. எந்த விளம்பரத்தை நிறுத்துவது, எதைக் கூட்டுவது என்று வாரம் ஒரு முறை முடிவெடுக்கிறார். அவருக்குப் பதினைந்தாயிரம் கொடுத்தாலும் கட்டுப்படியாகும். என்னைக் கேட்டால், அறிக்கை வந்த மறுநாள் நீங்கள் எதை மாற்றுவீர்கள் என்று முதலிலேயே சொல்ல முடிந்தால் வாங்குங்கள். நான் ஒன்பது மாதத்தில் ஒன்றையும் மாற்றவில்லை.

இலவசத்தையே வைத்துக்கொள்வதென்றால் ஒரு வேலையை இன்றே செய்துவிடுங்கள். ஜிஏ4 அமைப்பில், ஆய்வுப் பகுதிக்கான விவரத்தை இரண்டு மாதம்தான் வைத்திருக்கும் என்று இருக்கும், அதைப் பதினான்கு மாதமாக மாற்றுங்கள். எங்களுக்குத் தையில் ஏறும், ஆடியில் விழும். போன தையோடு இந்தத் தையை ஒப்பிட இரண்டு மாத விவரம் எதற்கு உதவும்? கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியையும் இணையுங்கள், கூகுளில் எந்த வார்த்தையைத் தேடி வந்தார்கள் என்பது அதில்தான் தெரியும். எங்களுக்குச் "சமுக்காளம்" என்று தேடி வருகிறவர்கள் நிறையப் பேர். அந்த வார்த்தை தளத்தில் ஓரிடத்திலும் இல்லாமல் இருந்தது.

பணம் கட்டித்தான் பார்ப்பது என்று முடிவு செய்தால், கார்டில் தானாகப் பிடிக்கிற ஏற்பாட்டுக்கு மட்டும் யோசித்துச் சம்மதியுங்கள். 15,000 ரூபாய் வரைக்கும் மாதாமாதம் ஓ.டி.பி. கேட்காது. பிடிப்பதற்கு ஒரு நாள் முன்னால் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வரும், அவ்வளவுதான். "வேண்டாம்" என்று அந்தத் தம்பியிடம் போனில் சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தேன். "பார்த்துக்கொள்கிறேன் அண்ணா" என்றார். பத்தாவது மாதமும் பிடித்தார்கள், பதினொன்றாவது மாதமும் பிடித்தார்கள். பிறகு நானே வங்கிச் செயலியில் தேடிப்பிடித்து ரத்து செய்தேன். அந்த 12,000 இன்னும் வரவில்லை.